கதை சொன்னால் வரலாறு கெட்டுவிடுமாம்!

பிள்ளைகளுக்கு நான் வரலாற்றைக் கதையாகச் சொல்வதைக் கேலி செய்யும் அந்தக் குரல்பதிவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவிட்டீர்கள். கேட்டாயிற்று, போதும். "சின்னப் பிள்ளைங்களுக்குக் கதை விட்டுட்டு, அதுக்கு வரலாறுன்னு பேரு" என்று சொல்லி ஒருவர் சிரிக்கிறார். கூடச் சிரிப்பவர்களின் குரலும் கேட்கிறது, அதில் சில தெரிந்த குரல்கள். சரி, சந்தோஷம்.

நான் 'விட்ட' கதை இதுதான். ரஷ்யாவின் நோவ்கொரோத் நகரத்தில் 13-ஆம் நூற்றாண்டில் ஓன்ஃபிம் என்று ஒரு பொடியன். ஆறேழு வயது இருக்கலாம். மரப்பட்டையில் அகரவரிசை எழுத உட்கார்ந்தவன் பாதியிலேயே அதை விட்டுவிட்டு, குதிரைமேல் இருக்கும் ஒரு வீரன் எதிரியை ஈட்டியால் குத்துவதுபோல் கிறுக்கி, பக்கத்தில் தன் பெயரையே எழுதிவைத்தான். ஈரச் சேற்றில் புதைந்ததால் பட்டை மக்கவில்லை. 1950-களில் தோண்டி எடுத்தார்கள். இதில் எது பொய்?

படத்தைக் காட்டியதும் ஒரு பெண் குழந்தை, அவன் வரைந்த கைகளைப் பார்த்துவிட்டு, "இவனுக்கு விரல் எண்ணத் தெரியாதா?" என்றாள். அடுத்து, "அவனுக்கு ஆறு வயசுன்னு யாரு சொன்னா?" என்றாள். அதைத்தானே ஐயா நீங்கள் ஆதாரம், ஆதாரம் என்கிறீர்கள்! அவளாகவே கேட்டாள். சிறு பிள்ளைகளுக்குக் கதை வழியாகத்தான் வரலாறு உள்ளே போகும்.

ஆண்டுகள் வேண்டாமா என்பீர்கள். பானிபட் போர்கள் 1526, 1556, 1761. பிரம்பைக் காட்டி மனப்பாடம் செய்யவைத்தார்கள், இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஏன் மூன்று முறையும் அதே இடம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. வடமேற்கிலிருந்து டெல்லிக்குப் போகும் வழியில் இருக்கும் திறந்த சமவெளி அது, படைகள் அங்கேதான் மோதும் என்பதை வளர்ந்த பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். வழி, சமவெளி, வந்து இறங்கும் படை. கதையாகச் சொல்லியிருந்தால் ஒரு வகுப்பில் முடிந்திருக்கும்.

கட்டுக்கதை நுழைந்துவிடும் என்கிறார்கள். நுழையும்தான். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வாஷிங்டன் சிறுவயதில் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையை ஒப்புக்கொண்ட கதை, அவர் இறந்தபின் வாழ்க்கை வரலாறு எழுதியவர் சேர்த்தது. கதை சொல்பவர் படித்துவிட்டு வரட்டும். அவ்வளவுதான், இதைப் போய்ப் பெரிய வாதமாக்காதீர்கள்.

ஆனால் அந்தக் குரல்பதிவில் "கூத்தாடி" என்று ஒரு வார்த்தை வருகிறதே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஆமாம், குரலை மாற்றிப் பேசினேன், குதிரை மாதிரி கனைத்தேன். பிள்ளைகள் முன்னால் கனைப்பதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. நீங்கள் உங்கள் வீட்டுக் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து கடைசியாக எப்போது பேசினீர்கள்? கைப்பேசியைக் கொடுத்து மூலையில் உட்காரவைப்பவர்கள் எனக்குக் கல்விமுறை பாடம் எடுக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். ராஜா யானைமேல் வந்தார், எதிரியை வென்றார் என்று சொன்னபோதெல்லாம் யாரும் மூச்சுவிடவில்லை. பண்டைய எகிப்தின் அரசன் மூன்றாம் ராம்சேஸ் காலத்தில், அரச கல்லறைகளைக் கட்டிய தொழிலாளர்கள், கூலித் தானியம் வராததால் வேலையைப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டதைச் சொன்ன பிறகுதான் இந்தச் சிரிப்பு, இந்த ஆதாரக் கேள்வி எல்லாம். கூலி கேட்டவன் கதை என்றால் மட்டும் கசக்கிறதோ?

ஆதாரம்தானே? அதைக் குறித்துவைத்த பாப்பிரஸ் (நாணலில் செய்த பழங்காலத் தாள்) இத்தாலியில், டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சிரித்துவிட்டு வாருங்கள்.