‘திரெட்ஸ்’ தடை செய்யப்பட்ட நாடகமா?

அணுகுண்டுப் போருக்குப் பிந்தைய ஷெஃபீல்டு நகரைக் காட்டும் ‘திரெட்ஸ்’ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி நாடகத்தை, மக்கள் பீதியடைவார்கள் என்று அஞ்சி பிபிசி 20 ஆண்டுகள் முடக்கி வைத்திருந்ததாக ஒரு செய்தி பரவிவருகிறது. இது தவறு. அந்த நாடகம் 1984 செப்டம்பர் 23 அன்று பிபிசி 2-இல் ஒளிபரப்பானது. 1985 ஆகஸ்ட் 1 அன்று பிபிசி 1-இல் மறுஒளிபரப்பும் ஆனது.

உண்மையில் முடக்கப்பட்டது, இதேபோல் பிரிட்டன் மீதான அணுகுண்டுத் தாக்குதலைச் சித்தரித்து, இயக்குநர் பீட்டர் வாட்கின்ஸ் 1965-இல் பிபிசிக்காக எடுத்த ‘தி வார் கேம்’ என்ற படம். திரையரங்குகளில் வெளியாகி ஆஸ்கர் விருதும் பெற்ற அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் காண 1985 ஜூலை 31 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘திரெட்ஸ்’ மறுஒளிபரப்பு அதற்கு மறுநாள்தான் என்பதால் இரண்டின் வரலாறும் கலந்துபோயிருக்கலாம்.

‘திரெட்ஸ்’ இன்றும் பார்க்கப்படுவதற்குத் தடை என்ற மர்மம் தேவையே இல்லை. வெப்பத்தில் உருகும் பால் புட்டிகள், நேற்றுவரை வாகன நிறுத்தத்தைக் கண்காணித்தவர் முகமெல்லாம் கட்டுடன் துப்பாக்கி ஏந்தி நிற்கும் காட்சி என, பழகிய உலகம் சிதைவதை அது மிக அருகில் காட்டுகிறது. குண்டு விழுவதோடு முடிந்துவிடாமல், 13 ஆண்டுகள் கடந்து, பேச்சுமொழியே தேய்ந்துபோன பிள்ளைகள் வரை கதை நீள்கிறது.