உலாவியைப் புதுப்பித்தால் மின்னஞ்சல் படங்கள் ஏன் மறைய வேண்டும்?

உலாவி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்ட கையோடு, மின்னஞ்சலில் வரும் படங்கள் மறைந்து, கிழிந்த தாள் போன்ற ஒரு சின்னம் மட்டும் மூலையில் நிற்பது எத்தனை எரிச்சலூட்டுகிறது! குக்கீகளை நீக்கி, தற்காலிகச் சேமிப்பை அழித்து, நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தும் பயனில்லை. மறைநிலைச் சாளரத்திலும் அதே வெற்றுக் கட்டம்தான். கடைசியில் படத்தின் முகவரியைப் பார்த்தால், அது தகவலை மறையாக்கம் செய்யாமல் அனுப்பும் பழைய எச்.டி.டி.பி. இணைப்பு. புதிய பதிப்போ, பாதுகாப்பான பக்கத்துக்குள் வரும் அத்தகைய படங்களை மறையாக்கம் செய்து அனுப்பும் எச்.டி.டி.பி.எஸ். வழியாகவே கேட்கிறது; படம் இருக்கும் சேவையகம் அதற்குப் பதில் தராவிட்டால் சத்தமின்றிக் கைவிட்டுவிடுகிறது. பாதுகாப்பு தேவைதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் படம் ஏன் தடுக்கப்பட்டது என்று அந்தக் கட்டத்திலேயே ஒரு வரி காட்டக் கூடாதா? காரணத்தை, நிரலாளர்கள் பிழைகளைப் பார்க்கும் டெவலப்பர் கன்சோலில் புதைத்து வைத்தால், சாதாரணப் பயனர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்?