புழு என்றாலே மருந்தா?

உச்சிப்புளிப் பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர் மணல் தோட்டம். போன தை மாதம் கத்தரிச் செடிகள் வெயில் ஏறினால் துவண்டுவிடும், சாயங்காலம் தலை நிமிரும். தண்ணீர்க் குறை இல்லை. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்கப் பாசிமணி கோத்த மாதிரி முடிச்சு. கடலைச் செடி வேரில் நல்ல பாக்டீரியா கட்டும் முண்டு நகம் பட்டாலே உதிரும். இது உதிரவில்லை, வேரே வீங்கியிருந்தது. வேர்முடிச்சு நூற்புழு. மணல் மண் இதற்கு ரொம்பத் தோது.

கடையில் குருணை மருந்து கொடுத்தார்கள். தூவித் தண்ணீர் பாய்ச்சினேன். மறுநாள் காலை பாத்தியோரம் மண்புழுக்கள் மேலே வந்து முறுக்கிக்கொண்டு கிடந்தன. சில இன்னும் துடித்துக்கொண்டிருந்தன. அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரிந்த புழுவுக்கே இந்தக் கதி என்றால், தெரியாதவை எத்தனை போயிருக்கும்?

அப்புறம்தான் நூற்புழுவைப் பற்றித் தேடிப் படித்தேன். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மண் துகளைச் சுற்றியிருக்கும் நீர்ப்படலத்தில் நீந்தி வாழும். 2019-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, உலகத்து மேல்மண்ணில் ஆளுக்கு 5,700 கோடி என்று கணக்குப் போட்டது. வேரைக் குத்துபவை அதில் ஒரு பகுதிதான். மற்றவை பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தின்னும். சில மற்ற நூற்புழுக்களையே பிடித்துத் தின்னும். பாக்டீரியா உடம்பில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம். தின்ற புழுவுக்கு அவ்வளவு தேவையில்லை, மிச்சத்தை அமோனியமாக மண்ணில் விட்டுவிடும், பயிர் எடுத்துக்கொள்ளும். நாம் மூட்டை மூட்டையாக யூரியா வாங்கிப் போடுகிறோம்!

குருணைக்கு நல்லது கெட்டது தெரியாது. வேட்டையாடும் புழுக்கள் மெதுவாகப் பெருகுபவை, ஒருமுறை அழிந்தால் திரும்ப நாளாகும். வேர்முடிச்சுப் புழுவோ சில நூறு முட்டை இடும், நம் சூட்டுக்கு ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும்.

தப்பு என் பக்கமும் இருந்தது. கத்தரி, வெண்டை, தக்காளி, திரும்பக் கத்தரி என்று போட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றுமே அதற்குப் பிடித்த வேர்.

இந்த வருஷம் சித்திரை வெயிலில் ஒரே ஒரு கோடை உழவு. நல்ல புழுவும் சாகாதா என்றால், கொஞ்சம் சாகும். ஆனால் மண் மெதுவாகக் காய்ந்தால் பல நூற்புழுக்கள் சுருண்டு வற்றி உறங்கி, மழை விழுந்ததும் எழுந்துவிடும். சும்மா சும்மா ரோட்டவேட்டர் ஓட்டுவதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்புறம் பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு விதைத்து மடக்கி உழுதேன், அந்த வேரில் வேர்முடிச்சுப் புழு அவ்வளவாகப் பெருகாது. வரப்போரம் செண்டுமல்லி. குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு.

தங்கச்சிமடம் பக்கம் மல்லிகை நாற்று வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நாற்று வேர் மண்ணோடு ஊர் ஊராகப் போகிறது. முடிச்சு விழுந்த நாற்றை தயவுசெய்து கட்டி அனுப்பாதீர்கள்.

அப்பா காலத்தில் அறுப்பு முடிந்ததும் ஆடு மேய்க்கும் கீதாரி வந்து கிடை போடுவார், ராத்திரி மந்தையை வயலிலேயே அடைத்து வைப்பது அது. ராத்திரிக்கு ராத்திரி பட்டியை மாற்றிக் கட்டுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த மண்ணில் பாக்டீரியா பெருகும், அதைத் தின்னும் புழுவும் பெருகும். எங்கள் பக்கம் மூன்று வருஷமாகக் கிடைக்கு ஆள் கிடைக்கவில்லை. யாராவது இந்தப் பக்கம் ஆடு ஓட்டி வருவது தெரிந்தால் சொல்லுங்கள், பங்குனிக்குள் பேசி வைக்க வேண்டும்.