வரைபடத்தில் இல்லாத 123 ஆண்டுகள்

போலந்து என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 1939தான். ஹிட்லர் படையெடுத்தான், உலகப்போர் மூண்டது. பாடப்புத்தகத்தில் அந்த ஒரு வரியோடு போலந்துக்காரர்கள் வந்து போய்விடுவார்கள், அடிவாங்குவதற்கென்றே பிறந்தவர்கள் மாதிரி. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

1569இல் லிதுவேனியாவோடு சேர்ந்து அவர்கள் அமைத்த கூட்டரசு ஐரோப்பாவின் மிகப் பெரிய நாடுகளில் ஒன்று. அரசனையே பிரபுக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அவையில் ஒரே ஒருவர் எழுந்து ‘ஒப்பமாட்டேன்’ என்றால் போதும், கூட்டத்தொடர் மொத்தமும் வீண். அந்தக் கிறுக்குத்தனத்தை 1791 மே 3 அரசியல் சட்டத்தில் ஒழித்தார்கள். காலம் கடந்துவிட்டது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் 1772, 1793, 1795 என மூன்று தவணையில் நாட்டைப் பங்குபோட்டு முடித்தன. 1918 வரை போலந்து என்றொரு நாடே கிடையாது.

நாடு போன பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1849இல் பாரிஸில் இறந்த போலந்து இசையமைப்பாளர் ஷோபானின் இதயத்தை ஒரு ஜாடியில் வைத்து அவருடைய அக்கா வார்சாவுக்குக் கொண்டுவந்தார். இன்றும் அது அங்கே ஒரு தேவாலயத் தூணுக்குள் இருக்கிறது. பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்காத ரஷ்ய ஆட்சியின் வார்சாவில், வீடு வீடாக இடம் மாறி ரகசியமாக நடந்த ‘பறக்கும் பல்கலைக்கழக’த்தில் படித்தவர் மேரி கியூரி. 1898இல் தான் கண்டுபிடித்த தனிமத்துக்கு, அப்போது இல்லாத நாட்டின் பெயரை வைத்தார்: பொலோனியம். பிரஷ்யப் பகுதியில் இருந்த விஷெஷ்னியா ஊரில் 1901இல் பள்ளிப் பிள்ளைகள் மதப்பாடத்தை ஜெர்மனில் சொல்ல மறுத்துப் பிரம்படி வாங்கினார்கள். தட்டிக்கேட்ட பெற்றோர்களுக்குச் சிறை.

இன்னொன்று, நம்ம ஊர்ச் சங்கதி. ரமணரிடம் வந்து தங்கி, உமாதேவி என்று அறியப்பட்ட போலந்துப் பெண் வாண்டா டினோவ்ஸ்கா, 1944இல், வார்சா எரிந்துகொண்டிருந்த அதே ஆண்டில், சென்னையிலிருந்து போலிஷ் மொழிப் புத்தகங்கள் வெளியிட ஒரு பதிப்பகத்தைத் தொடங்கினார்.

டிசம்பர் 24 இரவு அவர்கள் வீடுகளில் மேசைவிரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல் பரப்புவார்கள். பீட்ரூட் சூப், மீன் என்று இறைச்சியில்லாத 12 வகை. கூடவே யாருக்கும் என்றில்லாமல் ஒரு தட்டு கூடுதலாக இருக்கும். சொல்லாமல் கதவைத் தட்டும் விருந்தாளிக்காம்.

சரி, புகழ்ந்தே முடித்துவிட எனக்கு மனமில்லை. போருக்கு முன் அங்கே சுமார் 33 லட்சம் யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 30 லட்சம் பேரை நாஜிகள் கொன்றார்கள். யூதரை ஒளித்துவைத்தால் வீட்டோடு மரணம் என்ற நிலையிலும் காப்பாற்றிய போலந்துக்காரர்கள் ஏராளம். அதற்காக இஸ்ரேல் கௌரவித்தவர்களில் வேறெந்த நாட்டையும்விட அவர்கள்தான் அதிகம். ஆனால் 1941 ஜூலையில் யெத்வாப்னே என்ற சிற்றூரில், ஜெர்மானியர் ஆக்கிரமிப்பின் கீழ், யூதர்களைக் களஞ்சியத்தில் அடைத்துத் தீவைத்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். இதைப் பேசினாலே ‘நாட்டை அவமானப்படுத்தாதே’ என்று பாய்பவர்கள் இன்றும் அங்கே உண்டு. 2001இல் அதிபர் குவாஷ்நியெவ்ஸ்கி அந்த ஊருக்கே போய் மன்னிப்புக் கேட்டார். ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் அந்த நிகழ்ச்சிக்கு வரவில்லை.