திவாலான கம்பெனியின் பங்கை யார் கட்டுவது?

மண்ணும் நிலத்தடி நீரும் கெட்டுப்போன இடத்தைச் சுத்தம் செய்யும் செலவை, கெடுத்தவர்கள் அவரவர் பங்குக்குக் கட்டட்டும் என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். சரி, ஆனால் கணக்குப் பார்க்க உட்காரும்போது முக்கியமான ஆளே அங்கே இருப்பதில்லை, கம்பெனி எப்போதோ திவாலாகி மூடியிருக்கும். அந்தப் பங்கு யார் தலையில் விடிகிறது?

கலிஃபோர்னியாவில் ஆர்வின் என்ற ஊர். பிரவுன் அண்ட் பிரையன்ட் என்ற நிறுவனம் 1960 முதல் அங்கே விவசாய ரசாயனங்களை வைத்து விற்றது. லாரியிலிருந்து தொட்டிக்கு மாற்றும்போது சிந்தியதும் தொட்டியிலிருந்து ஒழுகியதும் வருடக்கணக்கில் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீர் வரை போய்விட்டது. 1989-இல் நிறுவனம் கையை விரித்துவிட்டது. 1998-க்குள் அரசுக்கு ஆன செலவு மட்டும் 80 லட்சம் டாலருக்கு மேல். பணம் கேட்க மிஞ்சியவர்கள், 1975 முதல் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்த ரயில் நிறுவனங்களும் பிரவுன் அண்ட் பிரையன்ட்டுக்கு ரசாயனம் விற்ற ஷெல் நிறுவனமும்தான்.

அவர்கள் மேல் அரசு தொடுத்த வழக்கில் நீதிபதி போட்ட கணக்கைப் பாருங்கள். மொத்தப் பரப்பில் ரயில் நிறுவனங்களின் நிலம் 19 சதவீதம், தொழில் நடந்த காலத்தில் குத்தகைக் காலம் 45 சதவீதம், அங்கே சிந்திய இரண்டு ரசாயனங்களால் வந்த மாசு மூன்றில் இரண்டு பங்கு. மூன்றையும் பெருக்கினால் சுமார் 6, பிழை இருக்கலாம் என்று இன்னொரு பாதியைச் சேர்த்து 9 சதவீதம். 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை அப்படியே ஏற்றது. ஷெல் சரக்கை விற்றதே தவிர கழிவைக் கொட்ட ஏற்பாடு செய்யவில்லை என்று அதை முழுசாகவே விடுவித்தது. மீதி 91 சதவீதம் அரசுக் கணக்கில், அதாவது வரி கட்டுகிறவர்கள் தலையில்.

எனக்கு இது கொஞ்சமும் ஏற்புடையதாக இல்லை.

மாசுபட்ட இடங்களைச் சுத்தம் செய்ய அமெரிக்காவில் 1980-இல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டத்தின்படி, பிரித்துச் சொல்ல முடியாத மாசு என்றால் பொறுப்பாளிகளில் யாரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். கட்டியவர் மற்றவர்கள் மேல் வழக்குப் போட்டு அவர்கள் பங்கை வசூலித்துக்கொள்ளலாம், 1986 திருத்தம் அந்த உரிமையை வெளிப்படையாகவே எழுதிக் கொடுத்தது. கடுமையான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் ஓடிப்போனவனைத் துரத்தும் வேலையும், அவன் அகப்படாவிட்டால் வரும் நஷ்டமும் யாருக்காவது போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும் என்றால், அந்த இடத்தால் வாடகையோ லாபமோ பார்த்தவருக்குப் போகட்டும், ஒரு பைசாவும் பார்க்காத ஜனங்களுக்கு ஏன்? மாசில் மிகச் சிறிய பங்கே உள்ளவர்கள் முன்கூட்டியே ஒரு தொகை கட்டி ஒதுங்கிக்கொள்ளவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது.

யாருமே மிஞ்சாத இடங்களுக்காக எண்ணெய், ரசாயனத் தொழில்கள் மேல் ஒரு வரி இருந்தது. 1995 முடிவில் அதைக் காலாவதியாக விட்டார்கள், ரசாயனங்கள் மேலான வரி திரும்ப வந்தது 2022-இல்தான். அந்த வரி இனி விடுபடவே கூடாது. அப்புறம், எந்த நாடாக இருந்தாலும், ரசாயனம் கையாள அனுமதி தரும் அன்றைக்கே சுத்தம் செய்வதற்கான தொகையை வைப்புநிதியாக வாங்கி வைத்து, மூடும்போது மண்ணையும் தண்ணீரையும் சோதித்த பிறகே திருப்பித் தர வேண்டும்.