காரம் தாங்குவது ஒரு தகுதியா?

"காரம் தாங்குவீர்களா?" என்று கேட்பவர்களின் குரலைக் கவனித்திருக்கிறீர்களா? நீந்தத் தெரியுமா, மலை ஏறுவீர்களா என்று கேட்கும் தொனி அதில் இருக்கும். தாங்குவேன் என்றால் ஒரு மரியாதை. கொஞ்சம் குறைத்துப் போடுங்கள் என்றால் ஓர் இரக்கப் பார்வை. நானும் பல ஆண்டுகள் இந்தக் கட்சியில்தான் இருந்தேன். என் சமையலுக்கு வீட்டில் கிடைத்த ஒரே பாராட்டு "சுள்ளென்று இருக்கிறது" என்பதுதான். அந்தப் பெயரைக் காப்பாற்றவே ஒவ்வொரு முறையும் அரைக் கரண்டி மிளகாய்த்தூள் கூடிக்கொண்டே போனது.

நான் கட்சி மாறியதற்குக் காரணம் அக்காள் மகள். அப்போது அவளுக்கு ஏழு வயது. ஒரு நாள் இரவு நான் வைத்த குழம்பை ஒரு வாய் எடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். இன்னொரு வாய், மறுபடியும் தண்ணீர். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "சாப்பிடு, பழகிவிடும்" என்றேன். "சித்தி, ருசியே தெரியவில்லை. வலி மட்டும்தான் தெரிகிறது" என்றாள். பெரியவர்கள் எல்லோரும் சிரித்தோம். அவள் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று எனக்குப் புரிய வெகு நாளாயிற்று.

அறுசுவையில் கார்ப்புக்கும் ஓர் இடம் உண்டு என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இனிப்பும் புளிப்பும் சுவை அரும்புகளைத் தொடுவதுபோல் மிளகாய்க் காரம் தொடுவதில்லை. மிளகாயில் உள்ள காப்சைசின் நேராகப் போய் உட்காருவது சூட்டையும் வலியையும் உணரும் நரம்பு முனைகளில். அங்குள்ள டிஆர்பிவி1 என்ற ஏற்பி, ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசைத் தாண்டிய சூடு பட்டால் "சுடுகிறது" என்று மூளைக்குச் சேதி அனுப்பும். காப்சைசின் ஒட்டிக்கொண்டால் சூடே இல்லாமல் அதே சேதி போகும். 1997இல் டேவிட் ஜூலியசின் ஆய்வகம் இந்த ஏற்பியை அடையாளம் கண்டது. 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை அவர் ஆர்டம் படபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார். நாக்கு வெந்துவிட்டது என்று நம்பித்தான் உடல் வியர்க்கிறது, மூக்கு ஒழுகுகிறது, கண் கலங்குகிறது. மிளகாய் நறுக்கிய விரலால் கண்ணைத் தொட்டால் எரிவதற்கும் இதுவே காரணம். கண்ணில் ஏது சுவை அரும்பு?

இதைப் படித்தபின் முதல் வேலையாக மிளகாயைப் பாதியாகக் குறைத்தேன். அன்றைக்குத்தான் அடி விழுந்தது. குழம்பு வெறிச்சென்று இருந்தது. வெங்காயம் சரியாக வதங்கவில்லை என்பது தெரிந்தது. டப்பாவில் எத்தனை மாதமாகக் கிடந்ததோ அந்தத் தனியாத்தூள், அதில் மணமே இல்லை என்பது தெரிந்தது. உப்பும் புளிப்பும் ஒன்றோடொன்று சேராமல் நின்றன. இத்தனை குறைகளும் முன்பும் இருந்தவைதான். எரிச்சலில் யாருக்கும் தெரியவில்லை. சுள்ளென்று இருக்கிறது என்று பாராட்டியவர்கள் என் சமையலைச் சுவைத்ததே இல்லை என்று நினைத்தபோது கொஞ்சம் அவமானமாகவே இருந்தது.

எனவே என் கருத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். அதிகக் காரம் பெரும்பாலான வீடுகளில் சோம்பலுக்குப் போர்த்திய போர்வை. வெங்காயத்தைப் பொறுமையாகப் பொன்னிறம் வரும்வரை வதக்க இருபது நிமிடம் வேண்டும். முழு மசாலாவை வறுத்து அன்றன்றைக்கு இடிக்கக் கை வலிக்கும். மிளகாய்த்தூள் போட இரண்டு நொடி போதும். கோபித்துக்கொள்ள நினைப்பவர்கள் ஒரே ஒரு நாள் காரத்தைப் பாதியாக்கிச் சமைத்துப் பார்த்துவிட்டு வந்து கோபித்துக்கொள்ளுங்கள்.

காரம் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் அடைத்து வைத்திருப்பவை எத்தனை! (வேதியியல் வகுப்பில் இதே சொல் அமிலத்துக்கு எதிரானதைக் குறிக்கும், அந்தக் குழப்பம் தனி.) மிளகாயின் எரிச்சல் மெல்ல ஏறும், நாக்கிலும் தொண்டையிலும் தங்கும், இறங்க நேரம் எடுக்கும். மிளகில் இருப்பது பைப்பரின். காப்சைசினைவிடப் பல மடங்கு மென்மையானது. மிளகின் உயிர் அதன் மணத்தில்தான் இருக்கிறது. பொடித்து வைத்தால் அது பறந்துவிடும். பைப்பரினும் வெளிச்சம் பட்டுப் பட்டுக் காரம் இழக்கும். சன்னலோரம் கண்ணாடிப் புட்டியில் மிளகுத்தூளை அழகுக்கு வைத்திருப்பவர்கள் அதை உள்ளே எடுத்து வையுங்கள்.

இஞ்சி இன்னும் விசித்திரம். பச்சை இஞ்சியில் இருப்பது ஜிஞ்சரால். காயவைத்தால் அதில் ஒரு பகுதி ஷோகால் என்ற, அதைவிடக் கூர்மையான பொருளாக மாறும். சுக்கு இஞ்சியைவிட ஏன் ஏறுகிறது என்பதற்கு விடை இதுதான். சமைக்கும்போதோ ஜிஞ்சரால் ஜிஞ்சரோன் ஆகி, சற்றே இனிப்பு கலந்த சாதுவான மணத்துக்கு இறங்கிவிடும். ஒரே கிழங்கை வதக்கும்போது பாதியும் இறக்கும்போது பாதியும் சேர்த்தால் இரண்டு வெவ்வேறு பொருள் சேர்த்த மாதிரி.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். பழமொழியோடு எனக்கு ஒரு சிறு வழக்கு உண்டு. முழுக்கடுகில் அந்தக் காரம் இன்னும் பிறக்கவே இல்லை. கடுகை நசுக்கி ஈரம் பட்டால்தான் உள்ளே தனித்தனியாக இருக்கும் ஒரு நொதியும் ஒரு சேர்மமும் சந்தித்து, மூக்கில் ஏறும் அந்தக் காரம் உண்டாகிறது. கொதிக்கும் எண்ணெயில் போட்டால் நொதி செத்துவிடும். தாளித்த கடுகில் கிடைப்பது கொட்டைகளை வறுத்த மாதிரியான ஒரு வாசனை மட்டுமே. கடுகின் உண்மையான காரம் வேண்டுமென்றால் பச்சையாக அரைத்து, குளிர்ந்த நீரில் குழைத்து, பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். பூண்டும் இதற்கு உறவு. நசுக்கினால்தான் அதன் காரம் பிறக்கும், வெந்தால் போய்விடும்.

மிளகாய்க்கு வருவோம். விதையில்தான் காரம் என்று விதையைத் தட்டிவிட்டுத் திருப்திப்படுகிறவர்கள் பலர். காப்சைசின் உருவாவது விதையைப் பிடித்திருக்கும் வெளிர்நிறச் சவ்வில். விதை அதன் பக்கத்து வீட்டுக்காரர், அவ்வளவுதான். காரம் குறைய வேண்டுமானால் அந்தச் சவ்வைக் கத்தி முனையால் வழித்தெடுங்கள். நிறத்தையும் நம்பவேண்டாம். சிவப்பைத் தருவது காப்சாந்தின் என்ற வேறொரு பொருள். நல்ல சிவப்பாக இருந்தும் எரிக்காத மிளகாய் உண்டு.

1912இல் வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தியலாளர் மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, எரிச்சல் தெரியாமல் போகும்வரை நீர்க்கவைத்து, எத்தனை மடங்கு நீர்க்கவைக்க வேண்டியிருந்தது என்பதையே அளவாகச் சொன்னார். குடைமிளகாய் அந்த அளவில் பூச்சியம். ஹாலப்பீனோ என்ற மெக்சிகோ மிளகாய் 2,500 முதல் 8,000 வரை. தூய காப்சைசின் 1.6 கோடி. இன்று கருவிகள் அளக்கின்றன. ஆனால் ஒரே செடியில் பறித்த இரண்டு மிளகாய்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை, தண்ணீர் குறைந்த செடி கூடுதலாகக் காரம் ஏற்றிக்கொள்வதும் உண்டு. சமையல் குறிப்பில் "மிளகாய் 4" என்று எழுதுகிறவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்க்காமல் எந்த எண்ணுக்கும் அர்த்தம் இல்லை.

அதிலும் ஒரு சிக்கல்: யாருடைய நாக்கு? சமைப்பவரின் நாக்கு இந்த விஷயத்தில் மோசமான சாட்சி. அடுத்தடுத்துச் சுவைத்தால் எரிச்சல் ஏறிக்கொண்டே போகும். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மறுபடி சுவைத்தால் நாக்கு மரத்திருக்கும். ஆண்டுக்கணக்கில் பழகிய நாக்குக்கோ எதுவும் உறைப்பதில்லை. போதாக்குறைக்கு, கொதிக்கக் கொதிக்கச் சாப்பிட்டால் சூடும் காரமும் ஒரே கதவைத் தட்டுவதால் எரிச்சல் இரட்டிப்பாகத் தோன்றும். சற்று ஆறவிட்டால் அதே பாத்திரம் சாந்தமாகிவிடும். சமைக்கிற நான் சரியான அளவு என்று நினைப்பது என் நாக்கின் வரலாறே தவிர, அந்தக் குழம்பைப் பற்றிய சேதி ஆகாது.

ஆகவே எங்கள் வீட்டில் இப்போது ஒரு சட்டம். பாத்திரம் மிகக் குறைவாகக் காரம் தின்பவருடையது. மேசை மற்றவர்களுடையது. பாத்திரத்தில் போட்ட காரத்தைத் திரும்ப எடுக்க முடியாது. தட்டில் எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். அதிகமாகிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் உறிஞ்சிக்கொள்ளும் என்று சொல்வார்கள். கிழங்குக்கு அப்படி ஒரு மந்திரம் தெரியாது. உண்மையில் உதவுவது அளவைப் பெருக்குவது, கொழுப்புச் சேர்ப்பது, கொஞ்சம் இனிப்பு. காப்சைசின் நீரில் ஏறக்குறையக் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும். என் அக்காள் மகள் அன்று தண்ணீராகக் குடித்துத் தள்ளியதில் பயன் இல்லாமல் போனதும் இதனால்தான். ஒரு குவளைப் பால் கொடுத்திருக்கலாம். அதிலுள்ள கேசின் என்ற புரதம் காப்சைசினைப் பிடித்துக்கொண்டு போகும். கையில் எரிந்தாலும் முதலில் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போடுங்கள்.

"தட்டில் தூவினால் பச்சை வாடை அடிக்குமே, குழம்போடு சேராதே" என்று என் கணவர் ஆரம்பத்தில் முறையிட்டார். நியாயமான முறையீடு. வழி எண்ணெயில் இருக்கிறது. காய்ந்த மிளகாயைக் கரகரப்பாக இடித்து ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொள்வேன். எண்ணெயைக் காயவைத்து, அடுப்பை அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஆறவிடுவேன். ஒரு துணுக்கைப் போட்டுப் பார்த்தால் மெல்லச் சலசலக்க வேண்டும், கறுக்கக் கூடாது. அப்போது ஊற்றினால் நிறமும் காரமும் எண்ணெயில் இறங்கும். அவசரப்பட்டால் மிளகாய் கருகி, கசந்து, வீடே இருமும். ஒரு முறை வீட்டில் எல்லோரையும் வெளியே நிறுத்தியிருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: பச்சைப் பூண்டை அந்த எண்ணெயில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே வைக்காதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் நச்சுக் கிருமி வளர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ந்த பொருள் மட்டும் போதும்.

அந்தக் கிண்ணமும் ஒரு சிறு கரண்டியும் இப்போது மேசையில் நிரந்தரம். கணவர் தாராளமாக ஊற்றிக்கொள்கிறார். நான் பாதி. அக்காள் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. போன மாதம் வந்தபோது யாரும் சொல்லாமல் கரண்டியை எடுத்துத் தட்டின் ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டாள். தொட்டுப் பார்த்தாள். மூன்றாவது சொட்டுக்குக் கரண்டியைச் சாய்த்தவள், என்ன நினைத்தாளோ, திரும்ப வைத்துவிட்டு, "வெங்காயம் இன்றைக்கு நன்றாக வதங்கியிருக்கிறது சித்தி" என்றாள்.