லினர்ட் ஸ்கினர்ட்: எல்லோரும் இறந்துவிடவில்லை

“1977 விமான விபத்தில் லினர்ட் ஸ்கினர்ட் குழு கூண்டோடு அழிந்தது, அஞ்சலியாகத்தான் தீச்சுவாலை சூழ்ந்த இசைத்தட்டு அட்டை வந்தது” என்றொரு செய்தி வலம் வருகிறது. இரண்டுமே தவறு.

ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் பிறந்த இந்த ராக் குழு சென்ற விமானம், அக்டோபர் 20 அன்று மிசிசிப்பிக் காட்டில் விழுந்தது. காரணம்? எரிபொருள் தீர்ந்துவிட்டது! விமானத்தில் இருந்த 26 பேரில் பாடகர் ரானி வான் ஸான்ட், கிதார் கலைஞர் ஸ்டீவ் கெயின்ஸ், அவருடைய அக்கா கேஸி உட்பட 6 பேர் இறந்தனர். டிரம்ஸ் கலைஞர் ஆர்ட்டிமஸ் பைல், விலா எலும்பு முறிந்த நிலையிலும் நடந்தே போய் உதவி தேடினார்.

அந்தத் தீப்பட அட்டை விபத்துக்கு 3 நாள் முன்பே கடைக்கு வந்துவிட்டது. விபத்துக்குப் பிறகு நடந்தது நேர்மாறு: தீயை நீக்கினார்கள். 1987இல் ரானியின் தம்பி ஜானி பாட, குழு மீண்டும் மேடையேறியது. பழைய வீச்சு திரும்பவில்லை என்பேன். அது வேறு வழக்கு.